சைக்கிளுக்கு என்ன பேப்பர்? போலீஸ் நிறுத்தும்போது தெரிந்திருக்க வேண்டியவை

கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவில், தறிச் சத்தம் ஓயாத ஊர் எங்களுடையது. எங்கள் வீதியில் இருக்கும் ஓர் அண்ணன் தறி ஓட்டுகிறார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் சைக்கிளில்தான் வீடு திரும்புவார். ஒரு நாள் பதினொன்றரை மணிக்கு மெயின் ரோட்டில் நிறுத்தினார்கள்.

"எங்கடா போற? வண்டி யாருது? பில்லு எங்க?"

"என்ற வண்டிதானுங்க சார். பத்து வருசமாச்சுங்க, பில்லெல்லாம் ஏதுங்க."

அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ரசீது கொடுக்கவில்லை. அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஹெல்மெட்டும் கியர் சைக்கிளுமாக நான் அதே ரோட்டில் போனேன். அங்கே நின்ற காவலர் என்னையும் நிறுத்தினார். "சைக்கிள் என்ன வெலைங்க சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார். ரோடு ஒன்றுதான், சட்டமும் ஒன்றுதான். அவர் லுங்கி கட்டியிருந்தார், நான் டைட்ஸ் போட்டிருந்தேன். அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது. அதனால்தான் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். அதை இங்கே எளிமையாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே ஒரு வித்தியாசம். சட்டத்தின் கண்ணில் சைக்கிள் ஒரு வாகனம்தான், ஆனால் மோட்டார் வாகனம் இல்லை. இந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மீதி எல்லாம் தானாக விளங்கிவிடும்.

நாம் ரோட்டில் கேட்கிற ஆர்சி, லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட், ஸ்பாட் ஃபைன் எல்லாமே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்து வருபவை. இயந்திரத்தால் ஓடுவதைத்தான் அந்தச் சட்டம் மோட்டார் வாகனம் என்கிறது. காலால் மிதித்து ஓட்டுவது அதில் வராது. லைசென்ஸைக் காட்டச் சொல்லும் 130ஆம் பிரிவு மோட்டார் வாகன ஓட்டியைப் பற்றிப் பேசுகிறது. ஹெல்மெட் பற்றிய 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறது. குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றிய 185ஆம் பிரிவும் மோட்டார் வாகனத்துக்குத்தான். ஆகவே சைக்கிள்காரரிடம் ஆர்சி கேட்கவோ, ஹெல்மெட் போடவில்லை என்று ஃபைன் போடவோ அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. (ஹெல்மெட் போடுவது நல்லது. நான் போடுகிறேன். அது வேறு விஷயம்.)

எங்கள் அப்பாரு காலத்தில் நிலைமை வேறு. சைக்கிளுக்கே வருடா வருடம் வரி கட்டி, தகரத்தில் ஒரு வில்லை வாங்கி மாட்ட வேண்டும். டைனமோ லைட் எரியாவிட்டால் பிடிப்பார்கள், டபுள்ஸ் அடித்தால் பிடிப்பார்கள். காற்றைப் பிடுங்கி விடுவார்களாம். இன்றைக்கும் அறுபது எழுபது வயதுக்காரர்கள் போலீஸைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவது அந்தப் பழைய பயத்தினால்தான். அந்த வரியும் போய்விட்டது, வில்லையும் போய்விட்டது. பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

பேட்டரி சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கணக்கில் வராது. எடைக்கும் பிரேக்குக்கும் முன்னும் பின்னும் இருக்க வேண்டிய ரிஃப்ளெக்டருக்கும் தனி நிபந்தனைகள் உண்டு. வாங்கும்போதே இதையெல்லாம் கேட்டு, அங்கீகாரச் சான்றின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் "வேக லாக்கை எடுத்துவிட்டால் நாற்பதில் போகும்ங்க" என்று ஆசை காட்டினால் தயவுசெய்து சரி என்று சொல்லிவிடாதீர்கள். லாக்கை எடுத்த நிமிஷமே அது சட்டப்படி மொபெட் மாதிரி ஆகிவிடுகிறது. பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் கட்டாயம். அப்போது காவலர் நிறுத்தி ஆர்சி கேட்டால் நியாயம் அவர் பக்கம்தான். அதைவிட மோசம், அந்த வண்டி யார் மீதாவது மோதினால் இழப்பீட்டை நீங்களே கைக்காசிலிருந்து கட்ட வேண்டி வரும்.

அப்படியானால் சைக்கிளில் எப்படி வேண்டுமானாலும் போகலாமா? கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் பிடிக்காவிட்டாலும் பொதுவான குற்றவியல் சட்டம் பிடிக்கும். 2024 ஜூலை 1 முதல் பழைய ஐபிசிக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 281ஆம் பிரிவு, பொது வழியில் மற்றவர் உயிருக்கு ஆபத்து வரும்படி எந்த வாகனத்தை ஓட்டினாலும் குற்றம் என்கிறது. இங்கே 'எந்த வாகனம்' என்றால் சைக்கிளும் அடங்கும். ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். வழியை அடைத்து நின்றால் 285, குடித்துவிட்டுப் பொது இடத்தில் தகராறு செய்தால் 355. போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலர் கை காட்டி நிற்கச் சொன்னால் நின்றே ஆக வேண்டும். அவருடைய சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படிவது எல்லோருக்கும் கடமை என்று புதிய நடைமுறைச் சட்டத்தின், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின், 172ஆம் பிரிவு சொல்கிறது. சிக்னலில் "சைக்கிளுக்கு ஃபைன் இல்லை" என்று சிவப்பில் நுழைகிற பையன்களைக் காந்திபுரத்தில் தினமும் பார்க்கிறேன். ஃபைன் இல்லாமல் இருக்கலாம். பக்கவாட்டில் வருகிற பஸ் இருக்கிறதே.

நிறுத்தும்போது

ராத்திரியில் காவலர் நிறுத்தி "யார், எங்கே போகிறீர்கள்" என்று கேட்பது தப்பில்லை. ரோந்து அவர் வேலை. சைக்கிள் திருட்டும் நம் பக்கம் நிறைய. பனியன் கம்பெனி வாசலிலும் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டிலும் சைக்கிள் காணாமல் போனவர்களுக்கு அந்த வலி தெரியும். கேட்டால் பேரும் ஊரும் சொல்லிவிடுங்கள். சின்னக் குற்றம் ஏதாவது செய்ததாகக் காவலர் சொல்லி, நீங்கள் பேரையும் முகவரியையும் சொல்ல மறுத்தால், அதற்காகவே கைது செய்யலாம் என்று நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. பேரை மறைப்பதால் நமக்கு லாபம் ஒன்றுமில்லை.

சைக்கிள் உங்களுடையதுதான் என்று காட்ட ஒரு சுலபமான வழி இருக்கிறது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால், பெடல் அச்சு பொருந்தியிருக்கும் இடத்தின் அடியிலோ சீட்டுக்குக் கீழே வருகிற குழாயிலோ ஓர் எண் அடித்திருப்பார்கள். அதுதான் ஃபிரேம் நம்பர். மண்ணும் கிரீஸும் அப்பிக் கிடக்கும், துடைத்தால் தெரியும். அதை போனில் ஒரு போட்டோ எடுங்கள். சைக்கிளோடு நீங்கள் நிற்கிற மாதிரி இன்னொன்று எடுங்கள். பில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு சைக்கிளுக்கும் நம்பர் உண்டு. எங்கள் வீதி அண்ணனுக்கு இதைச் செய்து கொடுத்த பிறகு, அடுத்த முறை நிறுத்தியபோது போட்டோவைக் காட்டியிருக்கிறார். இரண்டு நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள். சைக்கிள் திருடு போனாலும் புகாரில் எழுத இந்த நம்பர்தான் கைகொடுக்கும்.

பில் இல்லை என்பது மட்டும் குற்றம் ஆகாது. திருட்டுப் பொருள் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் காவலர் பொருளைக் கைப்பற்றலாம். அதே நடைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் கைப்பற்றினால் அது பதிவாக வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். "எழுதிக் கொடுத்துடுங்க சார், நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று பணிவாகக் கேளுங்கள். பணம் கேட்டாலும் இதே பணிவுதான். "எந்த செக்‌ஷன்ங்க சார்? ரசீது குடுத்தா கட்டிர்றனுங்க." குரலை உயர்த்தத் தேவையே இல்லை. கேமராவைத் தூக்கி முகத்துக்கு நேரே நீட்டச் சொல்லி இணையத்தில் பலர் அறிவுரை சொல்கிறார்கள். ராத்திரி ஆள் இல்லாத ரோட்டில் தனியாக நிற்கிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நெஞ்சுப் பட்டையில் இருக்கும் பேரையும் நேரத்தையும் இடத்தையும் மனதில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் எழுதி வைப்பது அதைவிட உதவும்.

ஸ்டேஷனுக்கு வா என்று கூப்பிட்டால், எதற்கு என்று கேட்க உரிமை உண்டு. கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டில் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும், வக்கீலைச் சந்திக்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். மூன்று வருடத்துக்கும் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்கு 60 வயது தாண்டியவரைக் கைது செய்ய டிஎஸ்பியின் முன் அனுமதி தேவை. பெண்களை, விதிவிலக்கான சூழ்நிலை தவிர, பொழுது சாய்ந்து விடியும் வரை கைது செய்யக் கூடாது. 18 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை லாக்கப்பில் வைக்கவே கூடாது. பதினோராம் வகுப்புப் பையன் ராத்திரி டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது நிறுத்தினால், அவன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அப்பாவுக்கு போன் பண்ணிக்கிறேன் சார்." இதை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

காவலர்கள் எல்லோரும் மோசம் என்று நான் எழுதவில்லை. சூலூர்ப் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு முறை எனக்குப் பின்விளக்கு அணைந்துவிட்டது. ரோந்து ஜீப்பை ஓரம் கட்டி, என் கேரியரில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியவரும் ஒரு காவலர்தான்.

ரோட்டில் நம் இடம்

நெடுஞ்சாலையில் சைக்கிள் போகவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்து விரட்டுவதும் அந்த நினைப்பில்தான். பொதுவாக அப்படித் தடை இல்லை. சேலத்திலிருந்து பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாகக் கோவை வருகிற 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ஊர்கள்தான். பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர் அந்த ரோட்டைத் தொடாமல் எப்படிப் போவார்? எக்ஸ்பிரஸ்வே மாதிரியான சாலைகளிலும் சில மேம்பாலங்களிலும் தடை போடலாம். 2019 திருத்தம் அதற்கான அதிகாரத்தை அரசுகளுக்குக் கொடுத்திருக்கிறது. தடை இருந்தால் பலகை இருக்கும்: சிவப்பு வட்டத்துக்குள் சைக்கிள் படம், குறுக்கே ஒரு கோடு. பலகை இருந்தால் இறங்கிவிடுங்கள். பலகை இல்லாத இடத்தில் "சைக்கிள் போகக்கூடாது" என்று சொன்னால், எந்த உத்தரவு என்று மரியாதையாகக் கேட்கலாம். ஆனால் சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்தில் அதிலேயே போவது உங்கள் உயிருக்கு நல்லது.

2017ஆம் ஆண்டு வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் மீது ஓட்டுநர்கள் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்று சொல்கின்றன. நாம் ஒதுங்கிப் போவது நம் புத்திசாலித்தனம். ஆனால் நம்மைப் பார்த்து ஓட்டுவது அவர்கள் கடமை. ரோடு அவர்களுடையது, நாம் இரவல் வாங்கி ஓட்டுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

காட்டுப் பாதை வேறு. அங்கே நிறுத்துகிறவர் பெரும்பாலும் வனத்துறை. பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறி திம்பம் போகிற சாலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியிலிருந்து பண்ணாரிக்கும் காராப்பள்ளத்துக்கும் இடையே இரவுப் போக்குவரத்துத் தடை இருக்கிறது. "சைக்கிள் மோட்டார் வாகனம் இல்லையே" என்ற வாதத்தை அங்கே கொண்டு போகாதீர்கள். யானைக்கு அந்தப் பிரிவு தெரியாது. செக்போஸ்ட்டில் முடியாது என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடிபட்டால்

இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். சைக்கிள்காரர் போலீஸைச் சந்திக்கும் பெரிய சந்தர்ப்பம் ராத்திரி சோதனை இல்லை, விபத்துதான். அங்கேதான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கார் இடித்துவிட்டது என்று வையுங்கள். கூட்டம் கூடும். "ரெண்டாயிரம் வாங்கிட்டு உடுப்பா, கேஸு கீஸுன்னு அலைய முடியாது" என்று ஒரு பெரியவர் சமாதானம் பேசுவார். சிராய்ப்போடு போய்விட்டால் சரி. ஆனால் எலும்பு முறிந்திருந்தால் அந்த ரெண்டாயிரத்தைத் தொடாதீர்கள். முறிந்ததா இல்லையா என்று ரோட்டில் நிற்கும்போது யாருக்கும் தெரியாது. முதலில் 108. அரசு ஆஸ்பத்திரியில் "ரோட்டில் வண்டி இடித்தது" என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். "சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டால், பிறகு கார்காரர் இடித்தார் என்று நிரூபிப்பது பெரும் பாடு. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது.

அடுத்தது எஃப்ஐஆர். மனு கொடுத்ததும் சிஎஸ்ஆர் என்று ஒரு ரசீது கொடுப்பார்கள். பலர் அதையே எஃப்ஐஆர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. சிஎஸ்ஆர் என்பது மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். வழக்கு எஃப்ஐஆரில்தான் தொடங்குகிறது. அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்கிறது. விபத்து நடந்த இடம் எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது. பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். மறுத்தால் எஸ்பிக்கு, கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களில் கமிஷனருக்கு, எழுத்தில் தபாலில் அனுப்பலாம். அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் இன்சூரன்ஸ். ஒவ்வொரு மோட்டார் வாகனமும் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். வண்டிக்காரர் ஒரு தரப்பு, கம்பெனி இன்னொரு தரப்பு. அந்த மூன்றாம் நபர் யார்? அடிபட்ட நீங்கள்தான். உங்களிடம் இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் அவர் கட்டிய இன்சூரன்ஸ் உங்களுக்காகத்தான் இருக்கிறது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டால் வைத்தியச் செலவு, போன கூலி, இனி போகப்போகும் வருமானம் எல்லாம் கணக்கில் வரும். விபத்து தாராபுரத்தில் நடந்து வீடு அந்தியூரில் இருந்தால், உங்கள் வீட்டுப் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். சட்டத்தில் எழுதியிருக்கும் கெடு ஆறு மாதம். பொங்கலுக்கு அப்புறம், நோம்பிக்கு அப்புறம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இடித்த வண்டி நிற்காமல் போய், எதுவென்றே தெரியாவிட்டாலும் கைவிரிக்க வேண்டாம். அதற்குத் தனித் திட்டம் இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும். இதற்கு மனு போக வேண்டியது வருவாய்த் துறை விசாரணை அதிகாரியிடம். இங்கேயும் எஃப்ஐஆர் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை. விபத்தில் உங்கள் தப்பும் சேர்ந்திருந்தால் தீர்ப்பாயம் அதற்கேற்ப இழப்பீட்டைக் குறைக்கும். எதிர்த்திசையில் வந்தார், இருட்டில் விளக்கில்லாமல் வந்தார் என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்கிற முதல் கேள்விகளே இவைதான். சைக்கிளுக்கு விளக்கு வேண்டும் என்று நான் கெஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னால் ஒரு சிவப்பு விளக்கின் விலை ஒரு நாள் கூலியை விடக் குறைவு.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்று விட்டுவிடுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் அதிகாரச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அரசு செலவில் வக்கீல் கிடைப்பார். அந்தப் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். தறியிலும் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். போனில் கேட்க 15100.